பிழையான பலி

மிகாயில் டாலின் புகழ்பெற்ற ஆட்டங்களில் சில பிழையானவை. இது ரகசியம் அல்ல. ஆட்டம் முடிந்த கையோடு மற்றவர்கள் உட்கார்ந்து அலசி, இந்த இடத்தில் எதிராளி இப்படி ஆடியிருந்தால் டாலின் கதை முடிந்திருக்கும் என்று எழுதிவைத்தார்கள். டாலே பல இடங்களில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து வருஷமாக மனசில் வைத்திருந்த ஆட்டம் ஒன்றைக் கைபேசியிலுள்ள செஸ் இயந்திரத்தில் ஒவ்வொரு நகர்த்தலாகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குதிரை வந்து நின்றதும் திரையோரத்துப் பட்டை வெள்ளையின் பக்கம் மெல்ல ஏறியது. மூச்சு வாங்கவில்லை, புருவம் உயரவில்லை. பட்டை ஏறியது, அவ்வளவுதான்.

சாயங்காலம் கவுண்டரை மூடிக் கேஷ் கட்டும்போது ஐந்நூறு ரூபாய் குறைந்தால் வயிற்றில் ஒன்று விழும். அதே உணர்வு. பகல் முழுவதும் சரியாக இருந்ததாக நான் நினைத்த கணக்கு பகல் முழுவதுமே தவறாக இருந்திருக்கிறது.

பிழையினால் கிடைத்த வெற்றி அழகாக இருக்க முடியுமா என்று நான் கேட்கப்போவதில்லை. அழகு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். அது நேர்மையானதா என்று மட்டும் கேட்கிறேன். தான் கொடுக்கும் காய்க்கு ஈடு இருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரியாமல், சில சமயம் இல்லையென்று சந்தேகித்துக்கொண்டே, ஒருவன் அதைக் கொடுக்கிறான். எதிராளி பயந்துபோய்த் தவறு செய்கிறான், இவன் ஜெயிக்கிறான். இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1960 மார்ச் 26, மாஸ்கோவின் புஷ்கின் தியேட்டர். உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். சாம்பியன் மிகாயில் போத்வின்னிக், 48 வயது, மின்பொறியியலாளர், செஸ்ஸை ஒரு விஞ்ஞானம்போல அணுகியவர். தயாரிப்பு, உடற்பயிற்சி, சொந்தத் தோல்விகளைப் பற்றிய ஈவிரக்கமற்ற ஆய்வு - இப்படி ஒரு ஒழுக்கமாகவே அதை வாழ்ந்தவர். எதிரே ரீகாவிலிருந்து வந்த 23 வயதுப் பையன். வலது கையில் பிறவியிலேயே விரல்கள் குறைவு. ஓயாத சிகரெட். சிறுநீரகம் அப்போதே சொல் பேச்சுக் கேட்காத நிலை. முதல் ஆட்டத்தில் டால் ஜெயித்திருந்தார், அடுத்த நான்கும் டிரா.

ஆறாவதில் டாலுக்குக் கருப்புக் காய்கள். 21ஆவது நகர்த்தலில் தன் குதிரையை எஃப்-4 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாயின் வாயில், கொண்டுபோய் வைத்தார். வெட்டினால் ஒரு முழுக் காய் நஷ்டம். பதிலுக்குக் கிடைப்பது, அதுவரை தன் சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த பிஷப்புக்கு நீண்ட மூலைவிட்டம் திறப்பது. பட்டியலில் எழுதக்கூடிய லாபம் வேறொன்றும் இல்லை. அரங்கில் சத்தம் அடங்காமல் போய், ஆட்டத்தையே உள்ளறை ஒன்றுக்கு மாற்றினார்கள். போத்வின்னிக் குதிரையை வெட்டினார். டாலின் ராணி சிப்பாயைத் தின்றுகொண்டு உள்ளே புகுந்தது. 25ஆவது நகர்த்தலில் போத்வின்னிக் தன் யானையால் அந்த ராணியை வெட்டினார். அதைச் செய்யாமல், முன்னேறி வந்து நின்ற சிப்பாயைப் பிஷப்பால் வெட்டியிருந்தால் மேல்கை அவருடையதாக இருந்திருக்கும். பிற்பாடு அலசியவர்கள் சொன்னது இதுதான். என் கைபேசியும் இதையே சொன்னது. யானையால் வெட்டியதில் ராணிக்கு ராணி போயிற்று, தாக்குதல் மட்டும் மிஞ்சியது. 46 நகர்த்தல் கடந்து போத்வின்னிக் கையை நீட்டினார். போட்டி முடிவில் 12½-8½. அதுவரை இருந்த உலகச் சாம்பியன்களில் மிக இளையவர் டால்.

ஆக, ஒரு சிப்பாயை யானை இருக்கும் நேரத்தில் பிஷப்பால் வெட்டியிருக்க வேண்டும். ஒரு யுகமே இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

பொய் என்றால் என்ன? தனக்கு உண்மையல்ல என்று தெரிந்ததை உண்மை என்று பிறன் நம்பும்படி சொல்வது. அதற்கு மறைப்பு வேண்டும். சீட்டாட்டத்தில் மறைப்பு இருக்கிறது. கையிலுள்ள சீட்டு எதிராளிக்குத் தெரியாது, அதனால்தான் அங்கே முகம் ஒரு ஆயுதமாகிறது. செஸ்ஸில் எல்லாமே வெட்டவெளியில். டாலுக்குத் தெரிகிற 64 கட்டங்களும் போத்வின்னிக்குக்கும் தெரிகின்றன. குதிரை எஃப்-4-இல் நின்றபோது அதன் பலவீனமும் கூடவே நின்றது, பார்க்க முடிந்தவன் பார்க்கலாம் என்று. இதை ஏமாற்று என்று சொல்வதானால், விடையைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்தவனையும் ஏமாற்றுக்காரன் என்று சொல்ல வேண்டும்.

அசலான செஸ் மோசடிக்கும் இலக்கியத்தில் உதாரணம் இருக்கிறது. இல்ஃப்-பெத்ரோவ் எழுதிய ‘பன்னிரண்டு நாற்காலிகள்’ நாவலில் ஆஸ்தாப் பெண்டர் என்ற எத்தன், செஸ் கிட்டத்தட்டத் தெரியாமலே ஒரு சின்ன ஊரில் போய்த் தன்னை கிராண்ட்மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டு ஒரே சமயத்தில் பலரோடு ஆடுகிறான். வரிசையாகத் தோற்றுக்கொண்டே வந்து, கடைசியில் எதிராளியின் யானையைப் பலகையிலிருந்து களவாடிவிடுகிறான். டால் பல்கலைக்கழகத்தில் படித்தது இலக்கியம், ஆய்வேடு எழுதியது இந்த இரட்டையர்களின் நையாண்டியைப் பற்றி. காயை ஒளிப்பவனுக்கும் காயைக் கொடுப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வியன்னாக்காரர் ருடால்ஃப் ஷ்பீல்மான் 1935இல் பலி கொடுப்பதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பலிகளைப் போலி என்றும் அசல் என்றும் பிரிக்கிறார். நாலு நகர்த்தலில் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பது போலி. கணக்குக்கு எட்டாத தூரத்துக்குக் காயை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அசல். இந்தப் பாகுபாடு எனக்கு உடனே பிடிபட்டதற்குக் காரணம் என் உத்தியோகம். போலிப் பலி என்பது நகைக்கடன். நகையை உரசிப் பார்த்து, எடை போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். இதில் கொடுப்பது என்ற சொல்லே ஒரு மரியாதைக்குத்தான். அசல் பலி கைமாற்று. காகிதம் இல்லை, சாட்சி இல்லை, திரும்பி வரும் தேதி இல்லை. வங்கியில் எவனாவது கைமாற்றுக் கொடுத்தால் அவனுக்கு மெமோ வரும், அது நியாயமும்கூட, ஏனென்றால் அது ஊரார் பணம். டால் கொடுத்தது சொந்தக் குதிரை.

நம் பத்திரிகைகள் செஸ் செய்திகளில் ‘தியாகம்’ என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் ஒத்துக்கொள்வதில்லை. தியாகம் கொடுப்பவனைப் பற்றிய சொல், அவன் நெற்றியில் திருநீறு பூசிவிடுகிறது. பலி கொடுக்கப்படுவதைப் பற்றிய சொல், அதில் ரத்தம் இருக்கிறது. ரஷ்ய மொழியில் பலிக்கும் பலியானவனுக்கும் ‘ழெர்த்வா’ என்ற ஒரே சொல்தான் என்று அறிந்தபோது திருப்தியாக இருந்தது. அந்த மொழியில் நினைத்தவர்கள் ஆடிய ஆட்டத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்துச் சர்க்கரை தூவ வேண்டாம்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். பலகை திறந்திருக்கலாம், ஆனால் பயம் பலகையில் இல்லை. 1959 கேண்டிடேட்ஸ் போட்டியில் ஹங்கேரியப் பின்னணிகொண்ட பால் பெங்கோ, டாலின் பார்வை தன்னை வசியம் செய்கிறது என்று கருப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட வந்தார். டால் பெத்ரோசியானிடம் இன்னும் பெரிய கருப்புக்கண்ணாடி ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அரங்கம் சிரித்தது, பெங்கோ தோற்றார். வேடிக்கையான கதைதான். ஆனால் டாலின் எதிராளிகள் குதிரையோடு மட்டும் ஆடவில்லை, டால் என்ற பெயரோடும் ஆடினார்கள் என்பதை இந்தக் கதை ஒளிக்காமல் காட்டுகிறது. வேறொரு இளைஞன் அதே குதிரையை அதே கட்டத்தில் வைத்திருந்தால் போத்வின்னிக் இன்னும் ஐந்து நிமிஷம் அதிகம் நம்பிக்கையோடு யோசித்திருப்பார். இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நம் கவிதைச் சூழலிலும் இது நடக்கிறது. பெயர் வந்துவிட்ட ஒருவர் அர்த்தத்தைக் கைவிட்டால் துணிச்சல் என்கிறோம், பெயரில்லாதவன் கைவிட்டால் எழுதத் தெரியவில்லை என்கிறோம். இரண்டு பேருடைய வரியும் ஒரே வரியாக இருந்தாலும்.

டாலைப் பார்த்துக் காயைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஆட்டங்கள் நமக்குக் கிடைக்கவில்லை, தோற்றுப்போனதால். அவர்களுக்கும் டாலுக்கும் வித்தியாசம் தைரியத்தில் இல்லை. 1973 அக்டோபரிலிருந்து 1974 அக்டோபர் வரை டால் தொடர்ச்சியாக 95 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார். எப்போதும் தீயோடு விளையாடுபவன் ஒரு வருஷம் முழுவதும் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. சரியான ஆட்டம் அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தவன் அதை விட்டு விலகுவதற்கும் தெரியாதவன் அதைத் தவறவிடுவதற்கும் நடுவே இருக்கிற இடத்தில்தான் பாஷை சிருஷ்டியாகிறதா உளறலாகிறதா என்பதும் தீர்மானமாகிறது. மரபை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காமல் மரபை மீறியவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறார்கள். போகட்டும்.

1961 மறுபோட்டியையும் சொல்லியாக வேண்டும். போத்வின்னிக் ஒரு வருஷம் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்தார். டாலுக்குப் பிடிக்காத, ராணிகள் ஒழிந்த வறண்ட நிலைகளுக்கு அவரை இழுத்துக்கொண்டு போய் 13-8 என்று தோற்கடித்தார். டாலுக்கு உடம்பு சரியில்லை என்பது உண்மை, ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்வது போத்வின்னிக்குக்குச் செய்யும் அநியாயம். முந்தைய வருஷம் ஆறாவது ஆட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார், ஒரு வருஷம் தாமதமாக. அந்த ஒரு வருஷம்தான் விஷயம்.

அன்றைய விதிப்படி 40 நகர்த்தலுக்கு ஒருவருக்கு இரண்டரை மணி நேரம். அந்தக் குதிரை போத்வின்னிக்கிடம் கேட்டது, “இந்த நிலையின் உண்மை என்ன?” என்பதல்ல. “உனக்கு இருக்கும் இந்த நிமிஷங்களில், இந்த நாற்காலியில், இந்தச் சத்தத்தில் என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்டது. முதல் கேள்விக்குக் காலம் கிடையாது. வருஷக்கணக்கில் உட்கார்ந்து அதற்கு விடை காணலாம், கண்டுவிட்டார்கள், அந்த விடை சரி. இரண்டாவது கேள்விக்கு அன்று மட்டுமே விடை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பின்னால் வந்த விடையை முன்னால் நடந்த காரியத்தின் மேல் தீர்ப்பாகப் போடுகிறோம்.

வங்கிக்காரனான எனக்கே இது ஆபத்தான தர்க்கமாகப் படுகிறது. கள்ளக் கையெழுத்துப் போட்ட செக்கை, வரிசை நீளமாக இருந்த நேரத்தில் நான் பாஸ் செய்துவிட்டால், அந்த நிமிஷத்தில் அது தப்பித்துக்கொண்டது என்பதற்காகக் கையெழுத்து உண்மையாகிவிடுமா? ஆகாது. ஆனால் கள்ளக் கையெழுத்து தன்னை இன்னொருவனுடையது என்று சொல்கிறது. குதிரை தன்னைக் குதிரை என்றுதான் சொன்னது.

1964-65இல் கீவில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் டால் வாஸியுகோவோடு ஆடியதைப் பற்றிச் சொல்லும் கதை இந்த இடத்தில் முக்கியம். டாலின் சுயசரிதையே ஒரு பத்திரிகையாளனும் ஒரு செஸ் ஆட்டக்காரனும் பேசிக்கொள்ளும் பாவனையில் அமைந்தது. அதில் வருகிறது. ஒரு குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கிளைகள் பெருகிப் பெருகி மண்டைக்குள் குவிகின்றன. ஒன்றில் சரியாக இருந்த பதிலடி இன்னொன்றில் உதவாமல் போகிறது. அப்போது சம்பந்தமே இல்லாமல் கோர்னேய் சுகோவ்ஸ்கியின் குழந்தைப் பாட்டில் சேற்றில் சிக்கிய நீர்யானை நினைவுக்கு வருகிறது. அதை எப்படி வெளியே இழுப்பது? பளுதூக்கும் கருவிகள், நெம்புகோல்கள், ஹெலிகாப்டர், கயிற்றேணி என்று எதையெதையோ யோசித்துப் பார்த்து, ஒரு பொறியியலாளனாகத் தோல்வியை ஒப்புக்கொண்டு, சரி முழுகட்டும் என்று விட்டுவிடுகிறார். நீர்யானை போனதும் பலகை தெளிகிறது. கணக்குப் போட்டு இதைத் தீர்க்க முடியாது என்று புரிகிறது. குதிரையைக் கொடுக்கிறார், ஜெயிக்கிறார். மறுநாள் பத்திரிகையில், டால் 40 நிமிஷம் நிலையைக் கவனமாக ஆராய்ந்து துல்லியமாகக் கணக்கிட்ட பலியைக் கொடுத்தார் என்று படித்து மகிழ்ந்தாராம்.

இந்தக் கதையில் பொய் சொல்லும் ஒரே ஆள் அந்த விமர்சகன்தான். அவன் திட்டவில்லை, புகழ்ந்தான், அதிலும் அயோக்கியத்தனம் எதுவும் இல்லை. நடந்தது ஒரு இருட்டு. அவன் அதைக் கணக்காக எழுதிக்கொண்டான், ஏனென்றால் கணக்கைத்தான் அவனால் புகழ முடியும். நம்மில் பலரும் ஒரு நல்ல கவிதைக்கு முன்னால் செய்வது இதுதான். படிமங்களின் அமைப்பு, தொனியின் ஒருமை என்று ஏதோ ஒன்றைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடுகிறோம். எழுதியவன் அப்போது நீர்யானையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருப்பான்.

இயந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இயந்திரம் என்றால் கஞ்சக் கணக்குப்பிள்ளை என்ற நம் பழைய கற்பனை இப்போது செல்லாது. 2017இல் ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் வந்தது. தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்ட அது சிப்பாய்களையும் காய்களையும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெகுதூரம் காத்திருந்து ஜெயிப்பதைக் கண்டு கிராண்ட்மாஸ்டர்களே டாலை நினைத்துக்கொண்டார்கள். ஷ்பீல்மானின் கணக்கில் அவையும் அசல் பலிகளாக இருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. இழப்பதற்கு ஏதும் இல்லாதது எதைக் கொடுத்தாலும் அது பலி ஆவதில்லை. போத்வின்னிக் தன் பிற்கால வருஷங்களைச் செஸ் ஆடும் நிரல் ஒன்றை உருவாக்குவதில் செலவிட்டார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. அந்த 25ஆவது நகர்த்தல் அவரை எத்தனை ராத்திரி தூங்கவிடாமல் செய்ததோ.

டாலின் பெயர் எனக்கு வந்து சேர்ந்த வழி சாதாரணமானது. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் பெயரில் ஒரு செஸ் கிளப் இருந்தது. சிறுவனாக விஸ்வநாதன் ஆனந்த் ஆடப் போன இடம். அங்கே போய்வந்துகொண்டிருந்த ஒருவர் பின்னாளில் என் கிளையில் காஷியர். ஆறாவது ஆட்டத்தை மதியச் சாப்பாட்டு வேளையில் எனக்குப் போட்டுக் காட்டியவர் அவர். பிழை எங்கே என்று அவருக்குத் தெரியும், சொல்லவில்லை. ஓய்வு பெறும் நாளில் கேட்டேன். “முதல்லயே சொல்லியிருந்தா நீங்க ஆட்டத்தப் பாத்திருக்க மாட்டீங்க தம்பி, பிழையத்தான் பாத்திருப்பீங்க” என்றார்.

இதை அப்போதே சரியாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு நீண்ட கவிதை. முதல் பாதியில் எழும்பிவந்த படிமம் ஒன்று இரண்டாம் பாதியில் தன் பாரம் தாங்காமல் சரிகிறது. அதை வரி வரியாக நிறுவினேன். புத்தகம் மூன்று வாரம் என் மேஜையில் இருந்தது, என் பக்கத்தில் கடிகாரம் எதுவும் ஓடவில்லை. மதிப்புரையில் சொன்ன ஒவ்வொரு குறையும் சரி. இன்றைக்கும் ஒன்றைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். நண்பர் ஒரு கூட்டத்தில் பார்த்தபோது, “நீங்க எழுதினது சரிதான் சார். அந்த எடத்துல கை நழுவுதுன்னு எனக்கும் தெரிஞ்சது. அங்க நிறுத்தியிருந்தா மேல ஒரு வரியும் வந்திருக்காது” என்றார். கோபம் இல்லை. பிறகு காப்பி சாப்பிட்டோம். அதற்கப்புறம் அவர் கவிதை எதையும் நான் எங்கும் பார்க்கவில்லை. என் மதிப்புரையால்தான் என்று நினைத்துக்கொள்வது என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்வது. அவருக்கு வேறு ஆயிரம் காரணங்கள் இருக்கும்.

ஆனால் மதிப்புரையில் நான் எழுதாத ஒன்று உண்டு. அந்தக் கவிதையை முதல் தடவை படித்த ராத்திரி, படித்து முடித்து விளக்கை அணைத்து, திரும்ப எழுந்து போட்டு, இன்னொரு தடவை படித்தேன். சரிவு அப்போது கண்ணில் படவேயில்லை. மூன்றாம் நாள்தான் பட்டது. மதிப்புரை மூன்றாம் நாளில் தொடங்குகிறது. முதல் ராத்திரியை நான் பலகையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுவிட்டேன். அதை எழுதியிருந்தாலும் குறைகள் குறைகளாகவே இருந்திருக்கும், படிக்கிறவர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்கும், நண்பருக்கும்.

டால் 1992 மே மாதம், சாவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து மாஸ்கோவில் ஐந்து நிமிஷ ஆட்டப் போட்டியில் காஸ்பரோவை ஒரு ஆட்டத்தில் தோற்கடித்தார். ஜூன் 28இல் இறந்தார், வயது 55.

தொகுதியை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஓரங்களில் என் பென்சில் குறிகள், எல்லாம் இரண்டாம் பாதியில். படிமம் அதே இடத்தில் சரிந்துதான் கிடக்கிறது. முதல் பாதியில் ஒரு குறியும் இல்லை.